ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகளை அசை பிரித்தல்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள சொற்கள் சேர்ந்து, ஒரே பெயரடையாக நின்று, ஒரு பெயர்ச்சொல்லை விளக்குவதைக் கூட்டுப் பெயரடை என்கிறோம். 'அப்சென்ட்-மைண்டெட்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்', 'நெவர்-டு-பி-ஃபர்காட்டன்' போன்றவை இணைகோடு இட்டு எழுதப்படுகின்றன. 'நோட்வொர்தி', 'ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்' போன்றவை இடைவெளியோ கோடோ இல்லாமல் ஒட்டியே எழுதப்படுகின்றன. தனிச்சொற்களைத் தடையின்றி அசை பிரிக்கும் மாணவர்கள்கூட இவற்றிடம் வரும்போது தடுமாறுகிறார்கள். மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே வேலையாகக் கருதிச் செய்வதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. காதில் எத்தனை அசை (சிலபிள்) கேட்கிறது என்று எண்ணுவது ஒரு வேலை. எழுத்துக்கூட்டில் எந்த எழுத்து எந்த அசைக்கு உரியது என்று பங்கிடுவது வேறொரு வேலை. அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று முடிவு செய்வது மூன்றாவது வேலை.

இவற்றைச் செய்ய வேண்டிய வரிசையும் முக்கியம். முதலில் கூட்டுச்சொல்லை அதன் உறுப்புச் சொற்களாகப் பிரித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் உறுப்பிலும் ஒலிக்கின்ற உயிர்களை எண்ண வேண்டும். மெய்யெழுத்துகளைப் பங்கிடும் வேலையைக் கடைசியில்தான் தொட வேண்டும். 'நெவர்-டு-பி-ஃபர்காட்டன்' என்பதைப் பார்ப்போம். 'நெவர்' இரண்டு, 'டு' ஒன்று, 'பி' ஒன்று, 'ஃபர்காட்டன்' மூன்று. ஆக ஏழு அசைகள். சொல்லை முழுதாகப் பார்த்து மலைப்பவர், உறுப்புகளாகப் பிரித்தபின் ஒரே மூச்சில் எண்ணிவிடலாம்.

தமிழ் எழுத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. தமிழில் புள்ளி பெறாத ஒவ்வோர் எழுத்தும் ஓர் உயிரொலியைத் தாங்கி நிற்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லை அதன் சரியான ஒலிப்புப்படி தமிழில் எழுதி, ஆய்தத்தையும் புள்ளி வைத்த எழுத்துகளையும் நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை எண்ணினால் அசைகளின் எண்ணிக்கை கிடைக்கும். 'அப்சென்ட்-மைண்டெட்' என்பதில் அ, செ, மை, டெ ஆகிய நான்கு எஞ்சுகின்றன, அசைகளும் நான்கு. இந்தச் சோதனை எளிமையானது. ஆனால் சில இடங்களில் அது தவறான விடையைத் தரும். அந்த இடங்களையும் கீழே காட்டுகிறேன்.

அறிகுறி: அசைகள் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக வருகின்றன

முதலில் ஐயப்பட வேண்டியது, தமிழ் நாக்கு நுழைக்கும் உயிரொலி. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மூன்று மெய்கள் அடுத்தடுத்து வருவதைத் தமிழ் ஒலிப்பு இயல்பாக ஏற்பதில்லை. அதனால் எழுதும்போது இடையில் ஓர் இகரத்தையோ முன்னால் ஓர் இகரத்தையோ சேர்த்துவிடுகிறோம். 'கோல்ட்-பிளடெட்' என்று எழுதும்போது 'பி' என்பதில் உள்ள இகரம் ஆங்கிலச் சொல்லில் இல்லை. அங்கே உதடுகள் மூடித் திறந்தவுடன் லகர ஒலி வந்துவிடுகிறது. மேலே சொன்ன சோதனைப்படி கோ, பி, ள, டெ என நான்கு எண்ணத் தோன்றும். நுழைத்த இகரத்தைக் கழித்தால் மூன்றுதான் சரியான விடை. 'பிரெய்ஸ்வொர்தி', 'கிராஸ்-கன்ட்ரி' ஆகியவற்றிலும் சொல்லின் தொடக்கத்தில் இதே கழித்தல் தேவைப்படும். அதேபோல் 'ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்' என்பதை 'இஸ்டேட்' என்று தொடங்கி ஐந்து அசை என்பவர்கள் உண்டு. அதில் இருப்பவை நான்கே. 'ஸ்ட்ரெய்ட்ஃபார்வர்ட்' என்பதில் தொடக்கத்தில் மூன்று மெய்கள் நெருக்கமாக நின்றாலும் அவை அனைத்தும் முதல் அசைக்கே உரியவை. மொத்தம் மூன்று அசைகள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, சொல்லின் நடுவில் மறைந்து நிற்கும் ஒலிக்காத ஆங்கில 'ஈ' (e) எழுத்து. தனிச்சொல்லின் இறுதியில் வரும் 'ஈ' ஒலிக்காது என்பது பள்ளிப் பருவத்திலேயே பழகிவிடுகிறது. ஆனால் ஒட்டி எழுதும் கூட்டுச்சொல்லில் அந்த எழுத்து நடுவே போய்விடுவதால், அது இறுதி எழுத்தாக இருந்ததைக் கண் மறந்துவிடுகிறது. 'நோட்வொர்தி' என்பதை 'நோ-டெ-வொர்-தி' என்றும், 'ஹோல்ஹார்ட்டெட்' என்பதை 'ஹோ-லெ-ஹார்-டெட்' என்றும் பிரித்த விடைத்தாள்கள் இந்தக் காரணத்தால்தான் வருகின்றன. உறுப்புச் சொற்களைப் பிரிக்கும் வேலையை முதலில் செய்திருந்தால் 'நோட்', 'ஹோல்' ஆகியவை தனித்து நின்று தம் இறுதி எழுத்தை மௌனமாக்கியிருக்கும். இரண்டிலும் மூன்று அசைகளே உள்ளன.

மூன்றாவது, நாம் தமிழில் எழுதிப் பழகிய வடிவமே ஆங்கில ஒலிப்பிலிருந்து விலகி இருப்பது. 'செல்ஃப்-கான்ஷியஸ்' என்று எழுதுகிறோம். எண்ணினால் நான்கு வருகிறது. ஆங்கிலத்தில் அது 'செல்ஃப்-கான்ஷஸ்', மூன்று அசைகள். இங்கே எழுத்துக்கூட்டில் அடுத்தடுத்து நிற்கும் உயிரெழுத்துகளில் முதலாவதான 'ஐ' தனக்கு முன்னுள்ள மெய்களோடு சேர்ந்து ஷகர ஒலியைத் தருவதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஐயம் வந்தால் அகராதியின் ஒலிக்குறியீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் எழுதுவதே பாதுகாப்பானது.

அறிகுறி: 'ஈ-டி' (-ed) என்று முடியும் சொற்களில் விடை ஒருமுறை சரியாகவும் ஒருமுறை தவறாகவும் அமைகிறது

கூட்டுப் பெயரடைகளில் மிகுதியானவை இந்த விகுதியில் முடிவதால், இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அடிச்சொல்லின் கடைசி ஒலி 'ஹார்ட்' என்பதில் வரும் டகரமாகவோ 'மைண்ட்' என்பதில் வரும் டகரமாகவோ இருந்தால், விகுதி தனக்கென ஓர் உயிரொலி பெற்று ஓர் அசையைக் கூட்டும். அவ்வாறு உயிரொலி இல்லாவிட்டால் இரண்டு டகரங்களைத் தொடர்ச்சியாக ஒலிக்க முடியாது என்பதே காரணம். 'கைண்ட்-ஹார்ட்டெட்' மூன்று அசைகள், 'சிம்பிள்-மைண்டெட்' நான்கு அசைகள் என்பவை இவ்வகையின. மற்ற ஒலிகளுக்குப் பின் விகுதி வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும், அசை கூடாது. 'ஓல்ட்-ஃபேஷன்ட்' மூன்று, 'இல்-மேனர்ட்' மூன்று, 'குட்-நேச்சர்ட்' மூன்று. எழுத்தில் 'ஈ' கண்ணுக்குத் தெரிவதால் இவற்றை நான்கு என்று எழுதுவோர் மிகப் பலர்.

சில பெயரடைகள் இந்த விதிக்குக் கட்டுப்படாமல் பழைய ஒலிப்பைக் காத்துவைத்திருக்கின்றன. 'நேக்கெட்', 'விக்கெட்', 'ரக்கெட்' ஆகியவற்றில் டகரம் இல்லாத இடத்திலும் விகுதி ஓர் அசையாக ஒலிக்கிறது. கூட்டுப் பெயரடைகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஃபோர்-லெக்ட்' என்றும் 'ஃபோர்-லெக்கெட்' என்றும் இருவகையாக ஒலிக்கப்படும் சொல். இரண்டு ஒலிப்பும் அகராதிகளில் ஏற்கப்பட்டவை. ஆகவே இரண்டு அசை என்று எழுதியவரையும் மூன்று அசை என்று எழுதியவரையும் தேர்வில் தவறு என்று அடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதுமையைக் குறிக்கும் 'ஏஜெட்' என்ற சொல் ஒரு மனிதரைப் பற்றித் தனியே வரும்போது இரண்டு அசை பெறும். அதே எழுத்துகள் 'மிடில்-ஏஜ்ட்' என்ற கூட்டில் வரும்போது ஓர் அசையாகச் சுருங்கி, முழுச்சொல் மூன்று அசைகளோடு நின்றுவிடும். தனிச்சொல்லின் ஒலிப்பைக் கூட்டுச்சொல்லுக்கு அப்படியே கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அறிகுறி: அசைகள் குறைந்து வருகின்றன

யாப்பிலக்கணம் பயின்றவர்களிடம் இந்தப் பிழைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம் யாப்பில் இரண்டு குறில்கள் இணைந்து வந்தால் நிரையசை என்று ஒன்றாகக் கொள்கிறோம். 'எகனாமிக்' என்பதை அந்தப் பழக்கத்தில் அலகிட்டால், 'எக' நிரை, 'னா' நேர், 'மிக்' நேர் என மூன்று அசைகள் கிடைக்கும். ஆங்கிலக் கணக்கில் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஓர் அசை என்பதால் இது நான்கு. 'சோஷியோ-எகனாமிக்' என்ற முழுச்சொல்லில் ஏழு அசைகள் இருக்கின்றன. தமிழ் யாப்பின் அசை பாட்டின் ஓசையை அளப்பதற்கு வகுக்கப்பட்டது; அந்த அளவுகோலை ஆங்கில உச்சரிப்புக் கணக்கில் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

யாப்பு அறியாதவர்களிடம் குறைவு வருவது வேறு வழியில். அடுத்தடுத்து இரண்டு உயிரெழுத்துகளைக் கண்டால் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று அவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். 'சோஷியோ' என்பதன் இறுதியில் உள்ள 'ஐ'யும் 'ஓ'வும் தனித்தனியே ஒலிக்கின்றன. அந்த 'ஓ'வை அடுத்து 'எகனாமிக்' என்பதன் முதல் உயிர் வந்து மோதுகிறது. 'இந்தோ-யூரோப்பியன்' என்பதிலும் முடிவில் உள்ள இரண்டு உயிரெழுத்துகள் பிரிந்தே நிற்கின்றன, மொத்தம் ஆறு. உறுப்புச் சொல் ஒன்று உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால், அந்த இரண்டு உயிர்களும் எக்காலத்திலும் ஒரே அசைக்குள் அடங்கா. இதற்கு விதிவிலக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

'சிம்பிள்', 'மிடில்' போன்ற சொற்களில் இறுதி 'ஈ' ஒலிக்காது என்பதால் ஓர் அசை என்று நினைப்பவர்களும் உள்ளனர். அங்கே லகர ஒலியே உயிர் இல்லாமல் ஓர் அசையைத் தாங்குகிறது. தமிழில் எழுதும்போது நாம் இயல்பாகச் சேர்க்கும் இகரம் இந்த இடத்தில் சரியான எண்ணிக்கையைத்தான் காட்டுகிறது. சொல்லின் தொடக்கத்தில் நுழைக்கும் இகரத்தைப் போல இதைக் கழித்துவிடக் கூடாது.

அறிகுறி: எண்ணிக்கை சரி, ஆனால் வெட்டிய இடம் அகராதியோடு ஒத்துப்போகவில்லை

இது பெரும்பாலும் பிழையே அன்று. காதால் கேட்டுப் பிரித்தால் 'மைண்-டெட்' என்று டகரம் இரண்டாம் அசையின் தொடக்கத்துக்குப் போகிறது. அகராதியோ அடிச்சொல்லைச் சிதைக்காமல் 'மைண்ட்' முழுவதையும் ஒரு பகுதியாகவும் 'ஈ-டி' விகுதியை மற்றொரு பகுதியாகவும் காட்டுகிறது. ஒன்று ஒலியைப் பின்பற்றுவது, மற்றொன்று எழுத்தமைப்பைப் பின்பற்றுவது. பல அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே இடப்படும் புள்ளிகள் வரியிறுதியில் எங்கே முறிக்கலாம் என்பதைக் காட்டவே இடப்படுகின்றன. ஒலிப்பின் அசைகளை அறிய, அடுத்து வரும் ஒலிக்குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். தலைச்சொல்லின் புள்ளிகளை எண்ணி அசை எண்ணிக்கை என்று எழுதினால், தொடக்கத்தில் ஓர் உயிரெழுத்து மட்டுமே அசையாக நிற்கும் சொற்களில் ஒன்று குறைந்துபோகலாம். ஓரெழுத்தை மட்டும் வரியில் தனியே விடுவது அச்சு மரபு அன்று என்பதால் அங்கே புள்ளி இடாத அகராதிகள் உண்டு.

இரண்டு அகராதிகளே தமக்குள் மாறுபட்டால், அவை எந்த நாட்டில் தொகுக்கப்பட்டவை என்று பார்க்க வேண்டும். சொல்லை முறிப்பதில் அமெரிக்க மரபு ஒலிப்பைப் பின்பற்றுகிறது. பிரிட்டிஷ் மரபு சொல்லின் பிறப்புக்கு மதிப்பளிக்கிறது. 'நாலெட்ஜ்-பேஸ்ட்' என்ற பெயரடையின் முதல் உறுப்பை அமெரிக்கர்கள் 'எல்' எழுத்துக்குப் பின்னும், பிரிட்டிஷ் மரபினர் அதற்கு முன்னும் முறிப்பார்கள். குறுகிய உயிரொலி தனக்குப் பின்வரும் மெய்யைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் என்பது முன்னதன் அடிப்படை. 'அறிதல்' என்ற பொருளுடைய அடிச்சொல்லை முழுமையாக விட வேண்டும் என்பது பின்னதன் அடிப்படை. ஒரு நூலுக்குள் ஒரு மரபை மட்டும் கடைப்பிடித்தால் போதுமானது.

எண்ணிக்கையே நாட்டுக்கு நாடு மாறும் சொற்களும் உண்டு. 'செல்ஃப்-எக்ஸ்பிளனேட்டரி' என்பதை அமெரிக்கர்கள் ஆறு அசைகளாக ஒலிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஒலிப்பில் இறுதிப் பகுதியின் உயிர் தேய்ந்து 'ட்ரி' என்றாகிவிடுவதால் பெரும்பாலும் ஐந்துதான் கேட்கும். 'எவ்ரிடே' என்பதில் நடு 'ஈ' இருநாட்டிலும் வழக்கமாக ஒலிப்பதில்லை, அது மூன்று. 'ஆ-இன்ஸ்பயரிங்' என்பதில் 'பய' என்று நாம் எழுதுவதை ஒரே அசை என்று அகராதிகள் பொதுவாகக் கொள்கின்றன. நீட்டி ஒலிப்பவரின் வாயில் அது இரண்டாகவும் கேட்கலாம். இத்தகைய சொற்களில் எந்த ஒலிப்பை வைத்து எண்ணினோம் என்று குறிப்பிட்டுவிட்டால் வாதத்துக்கு இடமிராது.

அறிகுறி: பேச்சைக் கேட்டால் உறுப்புச் சொற்களின் எல்லையே தெரியவில்லை

'ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்' என்பதை விரைவாகச் சொல்லக் கேட்டால் 'ஸ்டே-ட்டஃப்' என்று முதற்சொல்லின் டகரம் அடுத்த சொல்லின் உயிரோடு ஏறிவிடுவதைக் காணலாம். தமிழில் மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றுவதைப் போன்றதே இது. அசைகளின் எண்ணிக்கை இதனால் மாறுவதில்லை. எழுத்தில் பிரிக்கும்போது இணைகோட்டைத் தாண்டி எந்த மெய்யையும் நகர்த்தக் கூடாது.

இதன் மறுபக்கமாக, ஒட்டி எழுதும் சொற்களில் எல்லை தெரியாததால் கண் ஏமாறுவதுண்டு. அமெரிக்க வழக்கில் 'லைட்ஹார்ட்டெட்' என்பது இணைகோடின்றி எழுதப்படுகிறது. அதில் 'லைட்' என்பதன் இறுதி 'டி'யும் (t) 'ஹார்ட்' என்பதன் முதல் 'எச்'சும் (h) பக்கத்தில் நிற்பதால், பழகாதவர் அவற்றை ஒரே ஒலியாகச் சேர்த்துத் தகர ஒலியில் படிக்க முயல்கிறார். இரு உறுப்புகளின் எல்லை அந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே ஓடுகிறது.

அறிகுறி: கிரேக்க வேர்களால் ஆன நீண்ட சொல்லில் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை

காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தைச் சார்ந்த 'ஓட்டோரைனோலாரிங்கோலாஜிக்கல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் 'ஓட்டோ' காது, 'ரைனோ' மூக்கு, 'லாரிங்கோ' குரல்வளை. 'லாஜிக்கல்' என்பது துறையைக் குறிக்கும் ஈறு. வேர்களை இணைக்கும் ஓகாரம் எப்போதும் தனக்கு முன்னுள்ள வேரோடு சேரும். இதை அறிந்தால் எல்லைகள் தாமே தெரிகின்றன. அசைகள் முறையே இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, ஆகப் பத்து. தமிழில் எழுதிய வடிவத்தில் புள்ளியில்லா எழுத்துகளை எண்ணினாலும் ஓ, டோ, ரை, னோ, லா, ரி, கோ, லா, ஜி, க எனச் சரியாகப் பத்தே வருகின்றன.

'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்' என்பது இன்னும் நுட்பமானது. மூளையின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் முறையைச் சார்ந்த இச்சொல்லில் 'எலெக்ட்ரோ' மூன்று, 'என்செஃபலோ' நான்கு, 'கிராஃபிக்' இரண்டு, 'கி' என்பதில் உள்ள இகரத்தைக் கழித்துவிட்டோம், ஆக ஒன்பது. முதல் உறுப்பின் ஓகாரமும் இரண்டாம் உறுப்பின் எகரமும் அருகருகே நிற்பதால் அவற்றை ஓர் அசையாக்கி எட்டு என்று எழுதுவதே இங்கு வழக்கமாக நேரும் பிழை. மனித மூளையின் மின்பதிவை 1929-ல் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர் ஜெர்மன் மொழியில் இந்த ஓகாரத்தை விட்டுவிட்டு 'எலெக்ட்ரென்கெஃபலோகிராம்' என்றே பெயரிட்டார். அந்த வடிவத்தில் இரண்டு உயிர்களின் மோதலே இல்லை. ஆங்கிலம் ஓகாரத்தை வைத்துக்கொண்டதால் அசை ஒன்று கூடியது.

அறிகுறி: அச்சில் கூட்டுச்சொல் முறியாமல் ஓரத்தைத் தாண்டி நீள்கிறது

டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் இதைப் பலர் சந்திக்கிறார்கள். ஃபிராங்க் லியாங் 1983-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்த எழுத்துத்தொடர் முறையைக் கொண்டு அம்மென்பொருள் ஆங்கிலச் சொற்களைத் தானாகவே முறிக்கிறது. ஆனால் சொல்லில் ஏற்கெனவே இணைகோடு இருந்தால், அந்தக் கோட்டின் பின் மட்டுமே முறிக்கும், உறுப்புகளுக்குள் நுழையாது. 'செல்ஃப்-எக்ஸ்பிளனேட்டரி' வரியிறுதியில் வந்து நின்றால், 'செல்ஃப்-' என்பதற்குப் பின் முறிக்க இடமில்லாதபோது முழுச்சொல்லும் ஓரத்துக்கு வெளியே நீண்டுவிடும். வேண்டிய அசையெல்லையில் சாய்கோடும் சிறுகோடும் கொண்ட \- என்ற குறியை நாமே இட்டுவிட்டால் அங்கே முறியும்.

முடிந்தவரை இதைத் தவிர்த்து, வாக்கியத்தைச் சற்றே மாற்றி அமைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே ஓர் இணைகோடு உள்ள சொல்லில் இரண்டாவது கோடு வந்தால், எது சொல்லுக்கு உரியது, எது வரிமுறிவுக்காக வந்தது என்று படிப்பவர் குழம்புவார். 'நெவர்-டு-பி-ஃபர்காட்டன்' போன்றவற்றில் முறிப்பதற்கு மூன்று கோடுகள் தயாராக இருக்கும்போது 'ஃபர்காட்டன்' என்பதைத் தொடவே வேண்டாம்.

இணையப் பக்கங்களில் காரணம் வேறாக இருக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருந்தால், அதில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு உலாவி ஆங்கில முறிவு விதிகளைப் பயன்படுத்தாது. அந்த ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் ஆங்கிலம் என்று தனியே மொழிக்குறி கொடுத்தால் தானியங்கி முறிவு வேலை செய்யத் தொடங்கும். அப்போதும் மருத்துவச் சொற்களில் முறிவு அசட்டுத்தனமான இடத்தில் விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத மென் இணைகோட்டை நாமே உரிய இடத்தில் நுழைக்கலாம். வரி முறிய வேண்டிய தேவை வந்தால் மட்டுமே அது வெளிப்படும். 'ஓட்டோரைனோலாரிங்கோலாஜிக்கல்' என்பதற்கு ஒன்பது அசையெல்லைகளிலும் அதை இடத் தேவையில்லை. 'ஓட்டோ', 'ரைனோ', 'லாரிங்கோ' ஆகிய மூன்றன் பின் இட்டால், எந்த வரியில் முறிந்தாலும் படிப்பவருக்கு ஒரு முழு வேர் கையில் கிடைக்கும்.